மூடி இருக்கு

"ஒத்த முடி! எப்பேர்ப்பட்ட கேமராவைக் கவுத்துடுச்சு பாத்தீங்களா, சார்?"

இடுக்கியில் பிடித்திருந்த நீண்ட தலைமுடியை மேலாளரின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார் ஒளிப்பதிவாளர். கேமராவைப் பொதிந்து வைக்கும் கண்ணாடிக் கூடு மேசைமேல் வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளிருந்து உப்புநீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.

பாலத்தூண்களை நீருக்கடியில் படமெடுக்கும் நிறுவனம் அது. கூட்டின் விளிம்பில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அதில் ஒரு மணல் துகளோ முடியோ ஒட்டியிருந்தால் போதும். ஆழத்தில் தண்ணீர் அந்த வழியே நுழைந்துவிடும். வளையத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி வைப்பது அவருடைய மனைவியின் வேலை. கூட்டைப் பூட்டிக் கேமராவோடு கடலில் குதிப்பது அவருடைய வேலை.

அந்த மனைவி மூலையில் தலைகுனிந்து நின்றிருந்தாள்.

"என்னம்மா மைக் செட், இன்னைக்குச் சத்தத்தையே காணோம்?" என்றார் மேலாளர்.

எப்போதும் கணவரின் வலப்பக்கமே ஒட்டி நின்று, ஊருக்கே கேட்கும்படி அவரிடம் பேசுபவள் அவள். அதற்காக மேலாளரே சூட்டிய பெயர் அது. "வீட்டுலயும் இதே வால்யூம்தானா?" என்று கேட்டு அலுவலகமே சிரிப்பது வழக்கம்.

"என் தப்புதாங்க சார். என் முடிதான். பாக்காம விட்டுட்டேன்."

"முடியை விட்டது மட்டுமா?" கணவர் பொங்கினார். "படகுல கூட்டைப் பூட்டி, கேமராவை ஓட விட்டுட்டு இவகிட்ட நீட்டினேன் சார். நல்லா திருப்பித் திருப்பிப் பாத்தா. நான் வாங்கிட்டு ஓரத்துக்குப் போனதும் 'மூடி இருக்கு, மூடி இருக்கு'ன்னு கத்தினா. இவ பேச்சை நம்பித்தானே குதிச்சேன்?"

"கோவப்படாதீங்க. அதான் என் தப்புன்னு சொல்லிட்டேனே."

கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்த மெக்கானிக் திரும்பினார். "கேமரா போச்சு சார். ஆனா மெமரி கார்டு பொழைச்சுக்கிச்சு. படகுல பேசினதுகூட அதுல இருக்கும்."

அவள் முகம் வெளிறியது.

"ஐயோ, அது வேண்டாங்க! அழிச்சுடுங்க. வேணும்னா என்னை வேலைய விட்டே நிறுத்திடுங்க சார்."

"பாத்தீங்களா? மாட்டிக்குவோம்னு பயம்!" என்றார் கணவர்.

மேலாளரின் புருவம் உயர்ந்தது. "மறைக்கறதுக்கு என்னம்மா இருக்கு? ரெண்டு பேருக்கும் நாளைக்கு லீவு வேணும்னு வந்து நின்னே. காரணம் கேட்டா வாயே தொறக்கல. மனசு வேலைல இருந்தாத்தானே?"

தலைகுனிந்து நிற்கும் ஒருவரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க நமக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது? அந்த அறையில் கண்ணிமைக்கும் நேரம்கூடப் பிடிக்கவில்லை.

"போடுப்பா," என்றார் மேலாளர்.

திரையில் படகின் விளிம்பும் வானமும் ஆடின. மோட்டார் இரைந்தது. அந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு அவளுடைய குரல் வந்தது.

"ஏங்க, முடி! முடி இருக்கு! முடி இருக்குங்க!"

"சரி சரி, மூடி இருக்குல்ல! அப்புறம் என்ன?" இது அவருடைய குரல்.

"ஐயோ, முடிங்க..."

தண்ணீரின் ஓசை அந்தக் கதறலை விழுங்கியது.

ஒளிப்பதிவாளர் மேசையை ஓங்கித் தட்டினார்.

"கேட்டீங்களா சார்? 'மூடி இருக்கு'ன்னு எவ்வளவு அழுத்தமாச் சொல்றா!"

மெக்கானிக் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் ஒளிப்பதிவாளரைப் பார்த்தார். அந்த முகத்தில் பொய் இல்லை. காதில் எது விழுந்ததோ அதைத்தான் மனிதர் சொல்கிறார்.

மேலாளர் மெல்ல எழுந்து அவருடைய இடப்பக்கம் வந்து நின்றார். "முடின்னுதானேப்பா அந்தப் பொண்ணு சொல்லுது?" என்றார், வழக்கமான குரலில்.

ஒளிப்பதிவாளர் திரும்பவே இல்லை. வெற்றிப் புன்னகையோடு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூலையில் நின்றவளின் கைகள் குவிந்தன. 'சொல்லிவிடாதீர்கள்' என்று கண்கள் கெஞ்சின.

மேலாளர் அவளருகே போய்க் குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு லீவு கேட்டது... காது டாக்டர்கிட்ட போறதுக்காம்மா?"

"ஆமாங்க சார்." அவள் குரல் உதட்டைத் தாண்டவில்லை. "அவருக்கே இன்னும் பிடிபடல. நாலு பேர் முன்னால தெரிஞ்சா தாங்க மாட்டாரு. தண்ணியில எறங்கறத விட்டா அவருக்கு வேற உலகமே கிடையாது. டாக்டர் சொல்ற வரைக்கும் நானே எறங்க விட மாட்டேங்க."

மேலாளர் தலையசைத்தார். பிறகு, அந்தத் தலையை நிமிர்த்தி அவளைப் பார்க்க அவருக்கு வலுவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் முணுமுணுக்கறீங்க?" என்றார் ஒளிப்பதிவாளர். "சார் என்ன சொல்றாரு? வேலைய விட்டு அனுப்பறாரா?"

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுற்றிக்கொண்டு போய் அவருடைய வலப்பக்கத்தில் ஒட்டி நின்றாள். வழக்கம்போலவே, ஊருக்கே கேட்கும்படி கத்தினாள்:

"நாளைக்கு லீவு குடுத்துட்டாருங்க!"

அன்று யாரும் சிரிக்கவில்லை.