கொம்பும் காலும்

தீப்பெட்டி ஆலை அலுவலகத்தில் மதிய வெயில் கணினித் திரைமேல் விழுகிறது. வருகைப் பதிவையும் தொழிலாளர் விவரக் கோப்பையும் ஒப்பிட்டு, மருத்துவ அட்டைக்கான எக்செல் பட்டியலை உருவாக்கும் நிரலைத் தீபலட்சுமி ஐந்தாம் முறையாக ஓட்டுகிறாள். வருகைப் பதிவில் இருக்கும் முப்பத்தொரு பெண்கள் இப்போதும் பட்டியலில் ஏறவில்லை. அவர்கள் ஜன்னலுக்கு வெளியே காத்து நிற்கிறார்கள். "அவியள விட்டுட்டு அனுப்பும்மா, நாலு மணிதான் கெடு" என்கிறார் மேலாளர் நவநீதகிருஷ்ணன். "இங்கன தீக்குச்சி மருந்துல கைய வச்சு வேலை பாக்குதவியள இல்லன்னு எழுத மாட்டேன், அண்ணாச்சி" என்கிறாள் தீபலட்சுமி, திரும்பிக்கூடப் பார்க்காமல். விடுபட்ட பெயர்களைத் திரையில் விரல் வைத்து வாசிக்கிறாள்: யோகலட்சுமி, பொன்னுத்தாய், கோமதி, சொர்ணம். எல்லாப் பெயரிலும் முதல் எழுத்துக்கு முன்னே கொம்பு, பின்னே கால். வருகைப் பதிவில் கொம்பும் காலும் ஒரே குறியாகவும், விவரக் கோப்பில் தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகியிருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைக் கணினி வேறு பெயர் என்று தள்ளியிருக்கிறது. இரண்டையும் ஒரே வடிவமாக்கும் வரியைச் சேர்த்து மறுபடி ஓட்டுகிறாள். முப்பத்தொரு பெயர்களும் வரிசையாக இறங்குகின்றன. "சரி, அனுப்பு" என்று மேலாளர் அவசரப்படுகிறார். "பொறுங்க, அவிய பாக்கட்டும்." தீபலட்சுமி திரையை ஜன்னல் பக்கம் திருப்புகிறாள். யோகலட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சத்தமாக வாசிக்கிறாள்.