பத்து வளையம்

"பொங்கலுக்கு நைனா வந்துருமா?" சின்னவன் துலுக்காணம் தொணதொணத்துக்கினே இருந்தான்.

கங்கம்மா இடது கையால கலர் பேப்பரை வெட்டி, பிள்ளைங்களோட உக்காந்து சோத்துப்பசையில ஒட்டி, பத்து வளையமா கோத்துத் தொங்கவுட்டா.

"இன்னாம்மா, கோணக்கோணையா வெட்றே?"

"பேசாம ஒட்டுடா. தினம் ஒண்ணு கிழி. தீர்ற அன்னிக்குப் பொங்கலு, நைனா ஊட்டுக்கு வந்துரும்."

நாலு நாள் கிழிச்சும் பத்து வளையம் அப்படியே இருந்துச்சு. அஞ்சாம் நாள் பெரியவ பச்சையம்மா பசைக் கையோட மாட்டிக்கினா.

"இன்னாடி இது, தினம் நீதான் ஒட்டிக்கினு கீறியா?"

"தீந்துட்டா நைனாவ ஜெயில்லேர்ந்து வுட்டுருவாங்கல்லம்மா. நைனா ஒடச்ச உன் வலது கை இன்னும் சரியா கூடலியே."

கங்கம்மா இடது கையால இன்னொரு பேப்பரை வெட்டி அவகிட்ட குடுத்தா.