மூன்று நாள் பேச்சு

ஐப்பசி இருபத்தெட்டாம் நாள், அறுபது கடலையைத் திருப்பிக் கேட்டு, வேலாயி என்ற அணில் எலியின் வளை வாசலில் வந்து நின்றது. நம்பிக் கொடுத்துவைத்ததில் நாற்பது, வளைக்குள் வெள்ளம் புகுந்து அழுகிவிட்டன. மழை விடும்வரை வேலாயியின் இரண்டு குட்டிகளுக்கு வேறு சாப்பாடு கிடையாது.

எருமை நடுவில் வந்தது. "மூன்று நாள் உங்களுக்குள் பேசிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் நான் சொல்வதுதான் முடிவு. அப்புறம் மறுபேச்சு கூடாது."

இரண்டும் சம்மதித்தன.

மூன்றாம் நாள் எலி இறங்கி வந்தது. "மிஞ்சியது இருபது, தங்கச்சி. என் சேமிப்பிலிருந்து பத்து சேர்த்து முப்பதாகத் தருகிறேன்."

"நீ போடுற பிச்சை யாருக்கு வேணும்? அறுபதையும் எடுத்து வை."

பொழுது சாய்ந்ததும் எருமை தீர்ப்புச் சொன்னது. "வெள்ளம் வந்தது எலியின் குற்றமில்லை. மிஞ்சிய இருபது அணிலுக்கு."

வேலாயி எருமையின் அருகில் ஓடி வந்தது. "அக்கா, அண்ணன் முப்பது தர்றேன்னு சொன்னாரே?"

"பேச்சில் சொன்னது பேச்சோடு போச்சு, வேலாயி."

எலி இருபதை எண்ணி வைத்தது.

இரண்டு குட்டிகளுக்கும் நாளுக்கு ஒன்றாகப் பிட்டுக் கொடுத்தும், கார்த்திகை இருபதாம் நாள் கடலை தீர்ந்தது. மழை இருபத்தெட்டாம் நாள் விட்டது.