இலவம்பஞ்சுச் சட்டம்

கிணற்றடி வெயிலில் ஒரு மரச்சட்டம் கிடக்கிறது. சன்னலை அடைக்கப் பாக்கியசீலன் வாத்தியார் செய்தது. ஆணி அடிக்கிற சத்தம் வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அடித்தது. வீட்டுக்குள் அவர் மனைவி சாலோமி இசிவு கண்டு ஆறாவது நாளாகக் கிடக்கிறாள். வாழையிலை அறுக்கப்போன இடத்தில் துருப்பிடித்த அரிவாள் காலைக் கிழித்துவிட்டது. இப்போது ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், உடம்பு வில்லாக வளைகிறது. அவளுக்காகக் கோயில் மணியை நிறுத்திவிட்டு, வீடுவீடாக ஆள் விட்டு ஜெபத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் தெருவில் போகிற வண்டிமாட்டின் சலங்கையை யார் நிறுத்துவது? சட்டத்துக்குள் எதை அடைப்பதென்று தெரியாமல், மேசைக் கடிகாரத்தை ஒரு பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றாக மேலே போட்டுக் காதை வைத்துப் பார்க்கிறார் வாத்தியார். கோரைப்பாய்க்கு அடியில் டிக்டிக் அப்படியே கேட்கிறது. வாழைச்சருகு தானே சரசரக்கிறது. சாக்கை நாலாக மடித்துப் போட்டும் பிரயோசனமில்லை. கடைசியில் கல்யாணத்துக்கு வாங்கிய மெத்தையைக் கிழித்து, இலவம்பஞ்சை அள்ளி அமுக்குகிறார். மூக்கிலும் மீசையிலும் பஞ்சு. காதை வைக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி வைக்கிறார். ஒன்றுமே கேட்கவில்லை.

பின்கதவு படாரென்று சுவரில் மோதுகிறது. வாத்தியார் பதறி எழுந்து கையை ஆட்டுகிறார். "பைய, அத்தே, பைய!"

ஆறு நாளாக இருமலைக்கூட முந்தானைக்குள் அமுக்கி வைத்திருந்த மாமியார் சாரம்மாள், வாசலில் நின்று தொண்டை கிழியக் கேட்கிறாள்.

"இனி யாருக்காவ பைய பேசணும், மாப்பிள?"