கறுப்புக்குக் கறுப்பு

ஜன்னலோரம் வெள்ளைக் கோட்டில் நின்றிருந்த மேடத்தைப் பார்த்ததும் ரேடியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அந்த லேப்ல ஒரு மேடம் இருக்காங்க. அவங்க தலையாட்டினாத்தான் பேராசிரியர் வாங்குவார். அவங்களைப் பிடி” என்று மேனேஜர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

ரேடியோ என்பது அவனுக்குக் கம்பெனியில் வைத்த பெயர். ஆய்வுக்கூடங்களுக்குக் கருவி விற்பவன். வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. இதுவரை போன இடத்திலெல்லாம் பேச்சு ஓடியது, கருவிதான் ஓடவில்லை. இன்றைக்கும் சொதப்பினால் இனிமேல் குடோனில்தான் வேலை, அட்டைப்பெட்டிகளோடு பேசிக்கொண்டிரு என்று சொல்லிவிட்டார்கள்.

லேப்பில் உள்ளவர்கள் எல்லாரும் மாடியில் கருத்தரங்கில் இருந்தார்கள். பேராசிரியர் இறங்கி வருவதற்குள் தயாராக இருக்கும்படி வாசலில் சொல்லி, அவனுக்கும் ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டார்கள். கோட்டின் கை விரல் நுனிவரை தொங்கியது.

அவன் தொட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தான். ஜெல்லுக்குள் வரிவரியாகப் பிரிந்து நிற்கும் புரதத்தை, கரண்ட் பாய்ச்சி, மெம்பிரேன் என்கிற வெள்ளைத் தாளுக்கு இடம் மாற்றும் தொட்டி அது. கேசட் எனப்படும் பிளாஸ்டிக் சட்டத்துக்குள் ஜெல்லையும் மெம்பிரேனையும் ஒட்டி அடுக்கி, தொட்டிக்குள் இறக்க வேண்டும்.

மேடம் தானாகவே கிட்டே வந்து, உதவட்டுமா என்று கேட்டார். அவன் கும்பிடாத குறையாகச் சம்மதித்தான்.

நடுவில் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலும் அந்த இடத்தில் புரதம் ஏறாது, வெள்ளைப் பொட்டு விழுந்துவிடும். மேடம் சின்ன உருளையை வாங்கி, குழந்தையின் முதுகைத் தடவுகிற பதத்தில் மெம்பிரேன்மேல் ஓட்டிக் குமிழ்களை ஓரங்கட்டினார்.

தொட்டி சூடாகாமல் இருக்க ஐஸ் வேண்டியிருந்தது. அதற்கும் மேடமே போனார். ஓர் அலமாரியைத் திறந்தார், பிறகு ஃப்ரிட்ஜ் என்று நினைத்துச் சூட்டுப்பெட்டியைத் திறந்து முகத்தைச் சுளித்தார். கடைசியில் எதிர் அறையில் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தார். பெரிய ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இதெல்லாம் எங்கே ஞாபகம் இருக்கும் என்று ரேடியோவுக்கு மரியாதை கூடிவிட்டது.

மரியாதை கூடக் கூட வாயும் நீண்டது. போட்டிக் கம்பெனித் தொட்டியைக் கிண்டலடிக்க ஆரம்பித்தான். மூடிமேல் ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் கரண்ட் பாயும், அதை விற்க வருகிறவர்களுக்கே எது முன் எது பின் என்று தெரியாது என்றெல்லாம் அளந்துவிட்டான். மேடத்துக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் முட்டியது. வேறென்ன குறை என்று கேட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அந்த ஜோரில் தன் கதையையும் கொட்டினான். குடோனில் போட்டால் பகலெல்லாம் பேச ஆளில்லாமல் அத்தனை பேச்சையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்குவான் என்று மனைவிதான் அவனைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருக்கிறாள் என்றான். மேடம் சிரிப்பதை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரி பார்த்தார்.

பேசிக்கொண்டே அவன் கேசட்டை இறக்கி, மூடியைப் போட்டு, சுவிட்சில் விரலை வைத்தான். மேடம் சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

“கறுப்புக்குக் கறுப்பு சார். திருப்பிப் போட்டிருக்கீங்க.”

கேசட்டின் கறுப்புப் பக்கம் சிவப்பு முனையைப் பார்த்து நின்றது. அப்படியே கரண்ட் போயிருந்தால் புரதம் அத்தனையும் எதிர்ப்பக்கமாக ஓடித் தண்ணீரில் கரைந்திருக்கும். பேராசிரியர் கையில் வெறும் வெள்ளைத் தாள் மிஞ்சியிருக்கும். ரேடியோவின் மூக்கில் குடோன் வாசனையே ஏறிவிட்டது.

மேடம் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு கேசட்டை உருவித் திருப்பிப் போட்டு, இப்போது தட்டலாம் என்று கண்ணைக் காட்டினார்.

பேராசிரியர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கேசட்டைத் திறந்தார்கள். அளவுக்காக ஓட்டியிருந்த நீல, ஆரஞ்சு வரிகள் மெம்பிரேனில் அச்சடித்த மாதிரி ஏறியிருந்தன. சிவப்புச் சாயத்தில் நனைத்து அலசியதும், புரத வரிகள் ஒன்று விடாமல் இளஞ்சிவப்பாக எழுந்து வந்தன. மருந்துக்குக்கூட ஒரு வெள்ளைப் பொட்டு இல்லை.

பேராசிரியர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரசித்தார். லேப்புக்கு இரண்டு தொட்டி வாங்கப் போவதாகவும், அதில் ஒன்று கண்டிப்பாக இவனுடையதுதான் என்றும் சொன்னார்.

ரேடியோவுக்குத் தலைகால் புரியவில்லை. தொங்கும் கோட்டுக் கைகளை இறக்கை மாதிரி வீசிக்கொண்டு மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினான். சுற்றிய வேகத்திலேயே மேனேஜருக்குப் போன் போட்டான்.

“மேடத்தைப் பிடிச்சாச்சு சார்.”

போனை வைத்ததும் பேராசிரியரிடம் உருகினான். மேடம் மட்டும் இல்லையென்றால் தன் பாடு திண்டாட்டம்தான் என்றும், இப்படி ஒருவர் வாய்க்க லேப் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றும் அடுக்கிக்கொண்டே போனான். மேடம் தலையைக் குனிந்து சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் ஒன்றும் புரியாமல் அவனைப் பார்த்தார். பிறகு மேடத்தின் பக்கம் திரும்பி, வெகுநேரம் காக்கவைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

“சரிம்மா, இப்ப உங்க கம்பெனித் தொட்டியை எடுங்க, பார்க்கலாம்.”