அக்டோபருக்கு ஒரு செண்டுமல்லி

ஒன்றே ஒன்று கேட்டான்.

பூக்காரி ராமாத்தாளின் கை தராசோடு அப்படியே நின்றது.

ஆயுதபூஜைக் காலை. ஈரோட்டுப் பூ மார்க்கெட். லாரிக்காரர்களும் பட்டறைக்காரர்களும் மூட்டை மூட்டையாகச் செண்டுமல்லி அள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவன், ஒரு விரலைக் காட்டிக்கொண்டு.

"வண்டிக்குங்களா, கடைக்குங்களா?"

"ஆளுக்குங்க."

அவள் முகம் சட்டென்று மாறியது. "அட கடவுளே. எப்பங்க போனாங்க?"

"ஐயோ, கல்லாட்டம் இருக்காங்க! இன்னைக்குப் பொறந்தநாளுங்க."

"பொறந்தநாளைக்குச் செண்டுமல்லியா! ஏனுங்க, ரோசாப்பூ குடுத்தா வேண்டாம்னு சொல்லிப்போடுவாங்களா?"

ரோஜா ஜூனுக்கு. அதை இவளிடம் எங்கே போய் விளக்குவது.

பெருந்துறை ரோடு பொக்கே கடை வாசலில் பலகையே வைத்திருக்கிறார்கள். பிறந்த மாதத்துக்கு ஒரு பூ, பூவுக்கு ஒரு பொருள். ஜூன் என்றால் ரோஜா, காதல். அக்டோபர் என்றால் செண்டுமல்லி, விடாப்பிடியான பாசம். பலகையை நம்பி உள்ளே போய்ச் செண்டுமல்லி கேட்டான். கடைக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! பலகையில் இருப்பதெல்லாம் சரக்கில் இருக்குமா என்ன.

"ரோஸ் தரட்டுங்களா சார்?"

ரோஜாவைக் கொடுத்துத்தான் பார்த்தாயிற்றே.

அவனுடையது பேரிங் கடை. பிறந்தநாள்காரி பக்கத்து மோட்டார் கடையில் பில் போடுகிறவள். போன ஜூனில் அவள் பிறந்தநாள் என்று தெருவே ரோஜாவோடு வரிசையில் நின்றது. இவனும் நின்றான். அவள் எல்லோருக்கும் ஒரே அளவில் சிரித்தாள். நயம் சரக்குக்கும் கழிசலுக்கும் ஒரே ரேட்டு.

அன்று சாயங்காலம் டீக்கடையில், இவன் ஒருவன் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்.

"ஜூனெல்லாம் ஒண்ணாப்புல சேக்கறதுக்கு வாத்தியார் போட்டதுங்க. நான் பொறந்தது ஆயுதபூஜையன்னைக்கு. அப்பா லாரிக்குப் பூசணிக்கா உடைக்கப் போனாராமா. திரும்பி வர்றதுக்குள்ள நான் வந்துட்டனாமா."

சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். சொன்னதையே மறந்திருப்பாள்.

இவன் மறக்கவில்லை. விலை ஏறப்போகிற சரக்கைத் தான் ஒருவன் மட்டும் அறிந்து வைத்திருக்கிற வியாபாரியைப் போல, வாயைத் திறக்காமல் ஆயுதபூஜைக்குக் காத்திருந்தான்.

ராமாத்தாள் குவியலுக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே பெரிதாக, இதழ் கசங்காத ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"காசு வேண்டாம் போங்க. ஒத்தப் பூவுக்கென்ன காசு."

சும்மா வாங்கினால் அது பரிசா?

"அஞ்சு ரூபா வெச்சுக்கங்க."

"வேண்டாங்கறனல்ல."

"சரி, பத்து."

"குடுக்கறவ வேண்டாங்கறேன், நீங்க பாட்டுக்கு ஏத்திக்கிட்டே போறீங்க!"

சேப்டி பின்னுக்கும் பேரம் பேசுகிற பரம்பரை. இந்தக் காட்சியை அப்பா பார்த்திருந்தால் அங்கேயே படுத்திருப்பார்.

இருபதில் படிந்தது.

வண்டியை எடுக்காமல் நடந்தே வந்தான். ஓட்டினால் காற்றில் இதழ் உதிர்ந்துவிடும் என்ற பயம். நெஞ்சு மட்டும் எட்டுக் குதிரைச் சக்தி மோட்டார் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

தெரு முனையில் திரும்பியபோதுதான் உறைத்தது.

ஷட்டருக்கு ஷட்டர் செண்டுமல்லி. பைக்கில், தராசில், தண்ணீர்க் கேனில், டீக்கடை பாய்லரில்கூடச் செண்டுமல்லி. ஊரே மஞ்சளாய்க் கிடக்கிறது. இதில் தன் கையிலிருப்பது பரிசு என்று யாருக்குத் தெரியும்?

அதை யோசிக்கவே இல்லையே, மடையன்.

அதற்குள் மோட்டார் கடைக்குள் வந்துவிட்டான்.

அவள் ஒவ்வொரு மோட்டாராகச் சந்தனம் வைத்துக்கொண்டு வந்தாள். விரலெல்லாம் குங்குமம். பூத்தட்டு காலி. கம்ப்யூட்டர் ஒன்றுதான் மொட்டையாக நின்றது.

அவன் கையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"வாங்க வாங்க! சரியான சமயத்துக்கு வந்தீங்க. இதுக்கு மட்டும் பூ பத்தலைங்க."

கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.

பூ கம்ப்யூட்டரை நோக்கிப் போனது.

அங்கே வைத்துவிட்டால் தீர்ந்தது. கற்பூரம் காட்டுவார்கள், பொரி கொடுப்பார்கள், அனுப்பிவிடுவார்கள். பிறகு அடுத்த ஆயுதபூஜைதான். அதற்குள் அவள் வீட்டில் எவனையாவது பேசி முடித்துவிட மாட்டார்களா?

ஓடாத சரக்கையும் ஓட்டி விற்கிற நாக்கு. இப்போது மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

எப்படியோ அதைப் பிரித்தெடுத்துச் சொன்னான்.

"இன்னைக்குத்தானுங்களே உங்க பொறந்தநாளு."

பூ பாதி வழியில் நின்றது.

அவள் அவனைப் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். மறுபடி அவனை.

சிரிக்கவில்லை. ஜூனில் தெருவுக்கே பங்கு வைத்த அந்தச் சிரிப்பு வரவே இல்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

வாசலிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். கையில் கற்பூரத் தட்டு.

"அம்மணி, எல்லாத்துக்கும் பூ வெச்சாச்சா? அந்தக் கம்ப்யூட்டருக்கு எங்க?"

அவள் சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள்.

"பூ தீந்துபோச்சுங்க."

முதுகுக்குப் பின்னால் இருந்த கை, அவன் கண்ணெதிரே, செண்டுமல்லியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.