நான்கு விரல் நிழல்

எங்கோ ஒரு விண்மீன் தன்னைத்தானே கிழித்துக்கொண்டு மாண்டது. அதன் காமாக் கதிர் வெடிப்பு, விண்வெளித் தொலைநோக்கியை ஓங்கி அறைந்தது. தொலைநோக்கியின் வாயில் துளைகளிட்ட ஈயத் தட்டு ஒன்று உண்டு. அது உள்ளே வீழ்த்தும் நிழலைக்கொண்டு வெடிப்பின் திசையைக் கணிப்பதே தரைக் கட்டுப்பாட்டு அறையில் இருந்த அவளுடைய பணி. அன்றைய நிழலின் நடுவே, நான்கே விரல்களுடைய கையொன்று விரிந்திருந்தது.

"என்னம்மா, பல்லி கில்லி ஒட்டிக்கிச்சா?" என்றார் தலைமைப் பொறியாளர்.

"அங்க ஏது சார் பல்லி? எங்கண்ணன் கை மாதிரியில்ல இருக்கு."

அத்தட்டைப் பொருத்துகையில் சுண்டுவிரலைப் பறிகொடுத்தவன் அவள் அண்ணன். பின்னொரு நாள், தொலைநோக்கி விண்ணேறும் முன்னரே, பாரந்தூக்கியின் கயிறு அறுந்து, அதே தட்டு அவனை நசுக்கிக் கொன்றது. நைந்த கயிறென்று ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். அன்று மேற்பார்வையிட்டவர் இதே தலைமைப் பொறியாளர்தான்.

அடுத்த வெடிப்பில் அந்தக் கை முஷ்டியாக இறுகியிருந்தது.

"புதுக் கயிறுதாம்மா போட்டோம்," என்றார் பொறியாளர். அவள் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மூன்றாம் வெடிப்பில் தட்டின் நிழல் மட்டும் மாசுமறுவின்றி விழுந்தது, கையைக் காணவில்லை. அவளுக்குப் பின்னால் எலும்பு முறியும் ஓசை கேட்டது. திசையைக் கணித்து, பிற தொலைநோக்கிகளுக்கு அனுப்பிவிட்டுத்தான் அவள் திரும்பினாள். பொறியாளர் நாற்காலியிலேயே அமர்ந்திருந்தார். உடைந்து தொங்கிய தாடையில் மூன்று விரல்முட்டுகளின் தடம் குழிந்திருந்தது; சுண்டுவிரல் முட்டு பதிய வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.